எங்கே என்று கேட்கக் கூடாது

ஜெகன் எழுந்தான். பால் காய்ச்சினான். மகள் ஆர்த்திக்குப் பல் தேய்த்துவிட்டான். இரட்டைச் சடை பின்னினான். ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே தொங்கியது. மனைவி இறந்து ஒன்றரை வருடமாகக் காலை இப்படித்தான் விடிந்தது.

குத்தாலத்திலிருந்து முதல் நாளே வந்திறங்கியிருந்த அவன் அக்கா அனுசுயா, இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று இருந்தாள். கீழ்வேளூரில் ஒரு பெண். நல்ல இடம். பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் மன்னார்குடியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். தாமதித்தால் போச்சு, மத்தியானம் அங்கே இன்னொரு மாப்பிள்ளை வருகிறானாம்.

தம்பி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள்; போட்டுக்கொண்டான்.

கார் வந்து நின்றது. அனுசுயா சாமியைக் கும்பிட்டு வலது காலை எடுத்து வைத்தாள்.

"அத்தை, எங்க போறீங்க?"

காலைப் பின்னுக்கு இழுத்தாள். நடையில் ஆர்த்தி நின்றிருந்தாள். நாலரை வயது. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை. இப்போது கேள்வி முழுசாக, கணீரென்று வந்து விழுந்தது.

"கெளம்புறப்ப எங்கன்னு கேக்கலாமாடி? போற காரியம் வெளங்குமா?"

"ஸ்கூல்ல கேள்வி வார்த்தை நடக்குதுக்கா," என்றான் ஜெகன். "யாரு, என்ன, எங்க..."

அன்றைக்கு அக்காவிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

உள்ளே போய் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். சகுனம் நேரானது. எழுந்து வந்தார்கள்.

"அப்பா, எங்க போறீங்க?"

மறுபடியும் தண்ணீர்.

"இங்க பாரு தங்கம்," என்றாள் அனுசுயா. "இன்னிக்கு 'எங்க' வேண்டாம். வேற வார்த்தை இருக்குல்ல, அதைக் கேளு."

ஆர்த்தி யோசித்தாள். அதற்குள் அவளைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு கமருன்னிஸா படியேறி வந்தாள். அவளிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவைத்திருந்தாள் அனுசுயா. முடிவாகிற வரை தெருவுக்குத் தெரியக் கூடாது.

"யாரைப் பாக்கப் போறீங்க?" என்றாள் ஆர்த்தி.

"டாக்டரை."

"ஏன் பட்டுப் பொடவை?"

கமருன்னிஸா புடவையைப் பார்த்தாள். தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். தட்டு நிறைய இருந்த ஆப்பிளையும் வெற்றிலையையும் பார்த்தாள். "டாக்டருக்கு வெத்தலபாக்கு வச்சா கண்ணு நல்லாத் தெரியுமாக்கா?" என்று முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனுசுயாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, வேண்டாத ஒரு பெருமையும் வந்தது. அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் இந்த வயதில் எது வேண்டுமென்றாலும் அழத்தான் தெரிந்தவர்கள். இந்தப் பொடிசு ஒரு சொல்லை எடுத்து வந்து, சரியான இடத்தில் வைத்து, ஆளையே உட்காரவைக்கிறது.

"கொல்லப் பக்கமா போயிடுவோம்," என்று தம்பியின் காதில் சொன்னாள்.

கொல்லைக் கதவைத் திறந்தால் ஆர்த்தி வெளியே நின்றிருந்தாள். அவசரத்தில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள்.

"அத்தை, எங்க போறீங்க?"

"ஏன்டி இங்க வந்த?"

"நீங்க இங்க வந்தீங்க. அதனால நான் இங்க வந்தேன்."

குறை சொல்ல முடியாத பதில். மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடித்தபோது அனுசுயாவின் வயிறு களக் களக் என்றது. கோபம் பள்ளிக்கூடத்தின் மேல் திரும்பியது.

"அந்த டீச்சருக்குப் போனைப் போடுடா."

"தேருக்கு லீவு விட்டிருக்காங்க. இன்னிக்குப் போய் எதுக்குக்கா?"

போனை அவளே பிடுங்கிப் போட்டாள்.

"என்ன டீச்சர் நீங்க! 'எங்க போறீங்க'ன்னு கேக்கவா பிள்ளைங்களுக்குக் கத்துக் குடுக்குறது? ஒரு நல்ல காரியத்துக்குப் படி எறங்க முடியல!"

"நாங்களா?" மறுமுனையில் டீச்சர் திகைத்தார். "நாங்க இன்னும் 'என்ன'விலேயே நிக்கிறோங்க. எங்க, ஏன் எல்லாம் அடுத்த மாசந்தான். ஆர்த்தி இப்பவே கேக்குறாளா? என் கிளாஸ்ல வாயே தெறக்க மாட்டாளே! ஐயோ, நான் நேர்ல கேக்கணுமே!"

அனுசுயா போனை வைத்தாள். மணி பத்தரை. கார்க்காரர் ஹாரன் அடித்து அலுத்துப்போய் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். ஜெகன் யாரும் சொல்லாமலே இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு இதெல்லாம் யாருடி சொல்லிக் குடுத்தா?"

ஆர்த்தி கையைக் கட்டிக்கொண்டாள். யார் என்று கேட்டால் ஆளைச் சொல்ல வேண்டும். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

"எங்க அப்பா சொல்லிக் குடுத்தாங்க. பத்தரை ஆகுற வரைக்கும், படி தாண்டுறப்ப மட்டும் கேக்கணும்னு சொன்னாங்க."