மூவர் உள்ளே, இருவர் வெளியே

அருங்காட்சியகத்துக்குள் மூன்று பேர் போனோம். இரண்டு பேர்தான் வெளியே வந்ததாகப் பதிவேடு சொன்னது. நடந்த தவறு இவ்வளவே.

அன்று மாலை நான்கரைக்கு எங்கள் பள்ளியில் குழந்தைகள் கலைவிழா. ஆறு மணிக்கு மின்வெட்டு. 1974இல் அதை மட்டும் நேரம் தவறாமல் செய்தார்கள்.

தலைவர் இல்லாமல் விழா நடத்துவது அப்போது நாகரிகமில்லை. அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் குழந்தைக்கு ஆட வரும் என்று ஊர் நம்பியது. தாசில்தார் முகாம் போய்விட்டார். மிச்சமிருந்தவர் மாமல்லபுரம் பக்கத்து அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் உலகநாதன். வர ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. அழைக்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த மாதம் பார்வையாளர் எண்ணிக்கை இறங்கியிருந்தது.

பெற்றோர் சங்கத் தலைவன் நான். சிநேகிதர்கள் ஹமீதையும் ஞானதாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். என் பேத்தி மார்கரெட் மதியமே மயில் வேஷம் கட்டிவிட்டாள். தோகையோடு உட்கார முடியாது. நின்றுகொண்டிருந்தாள்.

நான்காவது தலையில்லாத சிலையில் ஹமீது பொறுமை இழந்தான்.

"இதுங்களுக்குத் தலை வந்தா சொல்லியனுப்பு மச்சான்."

பின்பக்கம் இடிந்து கிடந்த மதில் வழியாக டீ குடிக்கப் போய்விட்டான்.

நான்கு மணிக்கு நானும் ஞானதாஸும் வாசலுக்கு வந்தோம். உலகநாதன் பதிவேட்டைத் திறந்தார்.

"உள்ளே சென்றோர் மூவர். வெளியேறியோர் இருவர். ஒரு நபர் உள்ளே இருக்கையில் கட்டடத்தைப் பூட்டுவது விதிக்குப் புறம்பானது."

"அவன்தான் அதோ நிற்கிறானே," என்றேன். கேட்டுக்கு வெளியே ஹமீது வடை தின்றுகொண்டிருந்தான்.

"எந்த வழியாக வந்தார்?"

"மதில் இடிஞ்சி கீதே, அப்படிக்கா," என்றான் ஹமீது.

"மதில் இடிந்திருப்பதாக மேலிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக எழுதுகிறேன். ஆகவே அவ்வழியாக எவரும் வர இயலாது."

"அப்போ இங்க நின்னுகினு கீறது யாரு சார்?"

"அது அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்."

ஞானதாஸ் சமாதானம் பேசினான். "இவன் திரும்ப உள்ள போயி இந்த வாசலால வரட்டும் சார்."

"டிக்கெட் இல்லாமலா?"

"வாங்கினு போறான்."

"அப்போது உள்ளே சென்றோர் நால்வர். வெளியேறியோர் மூவர். வித்தியாசம் அப்படியே இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

மணி ஐந்தானது. பள்ளியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. மயில் அழுகிறதாம், நீலச் சாயம் கழுத்துக்கு இறங்கிவிட்டதாம். தலைவர் இல்லாமலே ஆரம்பிக்கலாமா என்று டீச்சர் கேட்டாராம்.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கூடாது," என்று சொல்லியனுப்பினேன்.

அப்போது உள்ளேயிருந்து துடைப்பத்தோடு பெருக்குகிற அம்மாள் வந்தாள். வாசல்படி தாண்டாமல் நின்றாள்.

"இன்னா சார், இன்னும் பூட்டாம கீறீங்கோ?"

விவரம் சொன்னோம். கேட்டுக்கொண்டாள்.

"நான் காலீல உள்ள போனது அந்த நோட்டுல கீதா சார்?"

"இல்லை. நீ தினக்கூலி. உனக்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை."

"பதினோரு வருசமாவா?"

"பதினோரு வருடமாக."

"அப்போ நான் வெளிய வர்றத மட்டும் எழுதிக்கோ. சரியாப்பூடும்."

உலகநாதன் பேனாவை மூடினார். திறந்தார். உள்ளே போகாத ஒருத்தி வெளியே வருகிறாள். உள்ளே போன ஒருவன் வெளியே வரவில்லை. கழித்துப் பார்த்தார். மிச்சமில்லை. விதியில் இதற்குத் தடையும் இல்லை. ஹமீதின் பெயருக்கு நேரே அந்த அம்மாள் கைநாட்டு வைத்துப் படி தாண்டினாள். பூட்டு விழுந்தது.

ஐந்தரைக்கு விழா. தலைவர் இருபது நிமிடம் ஒழுங்கைப் பற்றிப் பேசினார். மயிலும் முயலும் ஏழு நிமிடம் ஆடின. மின்சாரம் போனது.

நன்றியுரை நான். டார்ச் வெளிச்சத்தில் வாசித்தேன். காப்பாட்சியருக்கு நன்றி சொன்னேன். வராத தாசில்தாருக்கும் சொன்னேன். ஒலிபெருக்கிக்காரருக்கும், வடை தின்ற ஹமீதுக்கும்கூடச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த அம்மாள் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றாளாம். முயல் அவள் பேத்தி. அழைப்பாளர் பட்டியலில் பெயர் இல்லாததால் உள்ளே விடவில்லை. பட்டியல் எழுதியவன் நான்.

மறுநாள் பெயரை விசாரித்தேன். செங்கம்மாள்.