ஹமுராபியும் கூழ்வத்தலும்

எழுபத்தொன்பதில் திருநகரில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் திருப்பரங்குன்றம் மலை தெரியும். பங்குனி பிறந்துவிட்டால் மாடிக்கு மாடி வெள்ளை வேட்டி விரித்துக் கூழ்வத்தல் காயும். அந்தப் பங்குனியில்தான் சரித்திர வாத்தியார் அழகுமலை, இனி தன் வீட்டில் எழுதிவைத்த சட்டம்தான் செல்லும் என்று முடிவெடுத்தார்.

அதுவரை வீட்டுச் சட்டமெல்லாம் மனைவி ஜெயக்கொடியின் வாயில் இருந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ஒன்பதாம் வகுப்புக்கு ஹமுராபி பாடம் நடத்திய கையோடு, சாக்பீஸுடன் வந்து அடுப்படிக் கதவின் முன் நின்றார்.

"பாபிலோன்ல ஒரு ராஜாடி. மூவாயிரத்தெழுநூறு வருசத்துக்கு முன்னாடியே சட்டத்தைக் கல்லுல வெட்டி நிப்பாட்டிட்டாரு. யாரும் இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அவருக்குப் பொண்டாட்டி இல்லையோ?"

வாத்தியார் காதில் வாங்கவில்லை. கதவில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேப்பர் படிக்கையில், என்ன நடந்தாலும் கூப்பிடக் கூடாது. மச்சினன்மார் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

சண்டை வரும் என்று காத்திருந்தார். ஜெயக்கொடியோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான இருக்கு. வேற என்னல்லாம் எழுதுனாரு அந்த ராஜா?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்ட முதல் சரித்திரக் கேள்வி! வாத்தியார் உருகிப்போனார்.

"வாய்க்காக் கரையைக் கவனிக்காம விட்டு அடுத்தவன் வெள்ளாமை முழுகிப்போச்சுன்னா, விட்டவனே அம்புட்டு தானியத்தையும் ஈடு கட்டணும்."

"அடேயப்பா! அதையும் எழுதுங்க."

எழுதினார். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே விழுந்தது.

ஞாயிறு காலை. வாரம் தவறாமல் செய்வதுபோல் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் பேப்பரோடு சாய்ந்தார். எதிர்வீட்டு ரேடியோ பாடியது. ஜெயக்கொடி நான்கு தடவை குறுக்கே போனாள், வாய் திறக்கவில்லை. என்ன மரியாதை!

பேப்பரை மடித்தபோது முற்றத்தில் சடசடவென்று மழைச் சத்தம். வெயிலும் அடித்தது. மாடிக்கு ஓடினார். தொட்டி நிரம்பி வழிந்து, வேட்டி நிறைய வத்தல் மிதந்து, ஒவ்வொன்றாகக் கூரைக்குழாய் வழியே கீழே போய்க்கொண்டிருந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீக?"

"சரி, கடையில வாங்கியாறேன்."

"ராஜா கடையில வாங்கச் சொல்லலையே. வத்தலுக்கு வத்தல்."

அடுத்த ஞாயிறு, விடியும் முன்னே வாத்தியார் அரிசிக்கூழ் கிண்டினார். வெயில் ஏறியதும் மாடியில் குத்தவைத்து, முறுக்கு உரலைத் திருகித் திருகிப் பிழிந்தார். தோள்பட்டை கழன்றது. இம்புட்டு வருஷமும் இதை இவள் எப்படிச் செய்தாள்? ஜெயக்கொடி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய பேப்பரைப் படித்தாள்.

"உப்பு சரியா இருக்கா பாரு," என்று கொஞ்சம் கூழை நீட்டினார். நக்கிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதுசில், சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றி இறங்கியபோது சிரித்தாளே, அதே சிரிப்பு. தோள்வலி போன இடம் தெரியவில்லை. ஹமுராபிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

அப்போது பக்கத்து மாடியில் ராதாமணியின் தலை தெரிந்தது. பரமக்குடிக்குப் போயிருந்தவள் அன்றுதான் திரும்பியிருந்தாள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்த வாத்தியார் அவள் கண்ணில் படவில்லை.

"ஏக்கா, போன வருசத்துப் புழுத்த வத்தல் அம்புட்டையும் தொட்டிக்கு அடியில விரிச்சு வச்சீகளே, தண்ணி வந்துச்சா?"