கல்யாணப் பட்டு உடுத்திய பன்றி

"மூட்டையில என்ன?" என்று கண்டக்டர் கேட்டார்.

"தலைமுடி" என்றான் அழகியநம்பி.

"ஆருடேது?"

"சாலைக் கடைத்தெருவில எல்லாரோடதும்."

கண்டக்டர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மூட்டைக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் மூட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பேரூர்க்கடை தாண்டி அழகியநம்பி கண்ணயர்ந்ததும்தான் எழுந்தார். கல்லாறு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவன் அழகியநம்பி. அவன் பரம்பரையில் யாரும் ஒரு முட்டையைக்கூட உடைத்ததில்லை. அப்படிப்பட்டவன் பன்றி வேட்டைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் பகவதி. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. போன மாதம் கல்லாற்றுக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை.

"அப்பாவோட மரச்சீனி பூரா பன்னி தோண்டுது. ரெண்டு பேரும் ஒத்தைக்குக் கெடந்து பாடுபடுதாவ. பன்னி ஒழியட்டும், வாறேன்" என்றிருந்தாள்.

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ரேஷன் அரிசி பாதி வாரத்தைத் தாண்டாத காலம். மீதி வாரத்தைத் திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் இழுத்துக்கொண்டு போனது. ஆகவே அவன் தானே சமைத்துத் தானே தின்றான். அந்தச் சமையல்தான் அவனை வேட்டைக்காரனாக்கியது.

மாமனார் நயினார் பிள்ளை வரவேற்றார்.

"லேசுப்பட்ட பன்னின்னு நெனச்சிராதீங்க மாப்பிள்ளை. நம்ம வாசல் நடையில நொழையாது. ரெண்டு கொம்புப் பல்லும் பிறைநிலா கணக்கா இருக்கு. போன வெள்ளிக்கெழமை என்னை நின்னு ஒரு பார்வை பாத்துது பாருங்க... நான் தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கெட்டிட்டேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மாப்பிள்ளைக்கு இட்லி இன்னும் வைக்கவான்னு கேளுங்க."

அது மாமியார் சிவகாமியம்மாள். மருமகன் முன்னால் வந்து நிற்பதோ நேராகப் பேசுவதோ அந்த வீட்டு வழக்கமில்லை. அவன் அதுவரை அவளுடைய வளையலை மட்டுமே பார்த்திருந்தான்.

மனித முடியின் வாடைக்குப் பன்றி அண்டாது என்று சாலைக் கடைத்தெருவில் முடிவெட்டுகிறவர் சொல்லியிருந்தார். வயலைச் சுற்றி முடியைத் தூவிவிட்டு, அழகியநம்பி சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினான். மண்டி முதலாளி லீவு தராததால், கல்யாணத்துக்குப் பின் மாமனார் வீட்டில் அவன் ஓர் இரவுகூடத் தங்கியது கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நயினார் பிள்ளை அவனை வயலுக்கு அழைத்துப் போனார். பன்றி முடியை எல்லாம் ஓரிடத்தில் கூட்டி மெத்தை போட்டிருந்தது. அதில் படுத்து எழுந்த பள்ளம் தெரிந்தது. மெத்தைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மரச்சீனியைத் தோண்டித் தின்றிருந்தது.

"சௌகரியமா இருந்திருக்கு" என்றார் நயினார் பிள்ளை, ஒருவித மரியாதையோடு.

அடுத்த யோசனை சேலை. வண்ணச் சேலைகள் காற்றில் ஆடினால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி ஓடிவிடும். அழகியநம்பி உற்சாகமாகக் கொடியில் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் வேலியில் கட்டினான். அன்று சிவகாமியம்மாள் தன் கல்யாணப் பட்டை நிழலில் காய வைத்திருந்தாள். அதை அவன் அறியான்.

பன்றி அறிந்தது. மறுநாள் விடியலில் அரக்குப் பட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜரிகை முந்தானை பின்னால் புரள, வயலுக்கு மேலிருந்த பாறையின் உச்சியில் நின்றது. சூரியன் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தேயிலை பறிக்க மலைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

"சாட்சாத் பகவானாக்கும்" என்றான் சாயாக்கடைப் பூதலிங்கம்.

அதன்பின் பன்றியை விரட்ட ஊரில் ஒருவரும் கூட வரச் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் வந்தபோது கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும் நின்றுபோயிருந்தது. இட்லி எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

இனித் துப்பாக்கிதான். அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் குட்டன்பிள்ளை பழைய துப்பாக்கி ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

"இது வெடிச்சால் பன்னி ஓடும். வெடிச்சில்லெங்கில் நீ ஓடணும். அத்ரயேயுள்ளூ, அவ்வளவுதான்" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவன் எத்தனை இரவு ஊரில் இருக்கமாட்டான் என்று மட்டும் ஆசையாகக் கேட்டார்.

முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, வயலோரத்து மரத்தில் கட்டியிருந்த மூங்கில் மாடத்தில் அழகியநம்பி இருட்டுவதற்குள் ஏறி உட்கார்ந்தான். கண்ணை இமைக்கமாட்டேன் என்று பகவதியிடம் சொல்லியிருந்தான். அவள் என்னவோ சொல்ல வந்து, "பாத்து இருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

காலையில் கீழே பார்த்தால் மரத்தைச் சுற்றி ஊரே நின்றது. வயலில் ஒரு கிழங்குகூட அசையவில்லை.

"கேட்டுதா?" என்றான் பூதலிங்கம் கிசுகிசுப்பாக.

"எது?"

"புலி! நேரம் வெளுக்கிறது வரைக்கும் நிக்காம உறுமிச்சே! மலை குலுங்கிப்போச்சு! உங்க மரத்துக்கு நேர் கீழதான் நின்னிருக்கு!"

அழகியநம்பிக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொள்வது வேட்டைக்காரனுக்கு அழகில்லை.

"ம். கேட்டுது. விட்டுட்டேன்" என்றான்.

கூட்டம் வாயைப் பிளந்தது. புலியை விட்டுவிட்டவன்! பூதலிங்கம் அவனுக்குச் சாயாவில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டான். கல்லாற்றுக்குப் புலி கிடைத்தது அந்த ஊருக்கே ஒரு பதவி உயர்வாக இருந்தது.

ஆனால் மத்தியானத்துக்குள் கிழங்கு பிடுங்க வந்த ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். பஸ் கல்லாற்றுக்கு ஒரு மைல் முன்னாலேயே திரும்பிக்கொண்டது. நயினார் பிள்ளை மகளின் பெட்டியை எடுத்து மறுபடி அறைக்குள் வைத்தார்.

"பன்னி ஒழிஞ்சுதுல்லா மாமா?" என்றான் அழகியநம்பி.

"ஒழிஞ்சுது. புலி நிக்குது. புலி நடமாடுத வழியில புள்ளைய எப்படி அனுப்பச் சொல்லுதீங்க?"

புலியைச் சுட மறுநாள் இரவும் மாடம் ஏறினான். புலி முன்னிலும் பயங்கரமாக உறுமியது என்று காலையில் சொன்னார்கள். நடுவில் ஒரு விசில் சத்தம்கூட வந்ததாம். அது குட்டி என்று பூதலிங்கம் தீர்மானித்தான். அழகியநம்பி பெரியதையும் குட்டியையும் சேர்த்து விட்டுவிட்டதாகச் சொன்னான்.

அதற்கடுத்த நாள் மழை கொட்டியது. மாப்பிள்ளை வீட்டிலேயே படுக்கட்டும் என்று நயினார் பிள்ளை நடு அறையில் பாய் விரித்தார்.

காலையில் கதவைத் திறந்தால் முற்றம் முழுக்கத் தடியும் வெட்டுக்கத்தியும் செண்டைமேளமும். பரணிலிருந்து நயினார் பிள்ளையை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குள்ளயே நொழைஞ்சுட்டே! நடு அறையில நின்னாக்கும் அலறிச்சு!" என்றான் பூதலிங்கம். "நீங்க உசிரோட வாறீங்களே! கையைத் தாருங்க, ஒண்ணு தொட்டுக்கிடுதேன்!"

கூட்டம் வரிசை கட்டி அவன் கையைத் தொட்டது. அழகியநம்பிக்குத் தன்மேலேயே பயபக்தி உண்டாயிற்று. பக்கத்தில் புலி நின்றும் தூக்கம் கலையாத தைரியம் யாருக்கு வரும்!

நயினார் பிள்ளை தரையில் கால் ஊன்றியதும் முடிவாகச் சொன்னார்: "இந்தப் புலி ஒழியுத வரைக்கும் எம்மவ இந்த வாசலைத் தாண்டமாட்டா."

அழகியநம்பி கையைக் கூப்பினான். "மாமா, பன்னி போனா வாறேன்னு அவதான் சொன்னா. போயிட்டுது. இனியும் என் சமையலை நான் தின்னா செத்திருவேன். நீயாவது சொல்லு பகவதி!"

பகவதி தலையைக் குனிந்தபடி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவிக்கொண்டிருந்தாள்.

அப்போது சமையலறைக் கதவு முழுசாகத் திறந்தது. கையில் அணைந்த விளக்கோடு, இரவெல்லாம் உறங்காத கண்களோடு சிவகாமியம்மாள் வெளியே வந்து, மருமகன் முன்னால் நேருக்கு நேர் நின்றாள். முற்றம் மூச்சடக்கியது. புலிக்குக்கூட அப்படி அடங்கியதில்லை.

"விளக்கெடுத்துட்டு வந்து என் கண்ணால பாத்துட்டேன் மாப்பிள்ளை" என்றாள். "ஒங்க குறட்டைக்குப் பயந்துதான் பன்னி மலையேறிச்சு, அதுக்குப் பயந்துதான் எம்மவளும் போன மாசம் பஸ்ஸேறுனா."