சாடிக்குள் ஒரு வள்ளம்

சேசு, மரி, சூசையின் காவல் உமக்கும் எமக்கும், எம் வீட்டுச் சாடியில் நீந்தும் ஒரு மீனுக்கும் உண்டாவதாக.

கற்பிட்டி, வியாழக்கிழமை.

கொழும்புத் துறைமுகம் முழுவதையும் தன் பேனா முனையில் தூக்கி நிறுத்தியிருக்கும் கிளாக்கரும், என் அக்காள் பெற்ற ஒரே அறிவாளியுமாகிய மருமகன் வின்சன்டுக்கு மாமன் லோறன்ஸ் எழுதுவது. நானும் உமது மாமி பவுலினாவும் எப்படியோ கிடக்கிறோம், மீன் சுகம். நீர் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

என் வள்ளம் கடலடிப் பாறையாகிய கற்பாரில் மோதிப் பிளந்ததும், அன்று தொடக்கம் நான் நிக்கொலசின் வள்ளத்தில் கூலிக்குப் போவதும் உமக்குத் தெரியும். ஒரு காலத்தில் நான் கை காட்டினால் கச்சான் காற்று நின்று என்னிடம் வழி கேட்டுவிட்டுத்தான் வீசும். இப்போது நிக்கொலசு, "லோறன்ஸ் அண்ண, சும்மா இருக்காம தண்ணிய இறைங்க" என்கிறான், நானும் இறைக்கிறேன். அப்படி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வலையோடு வந்தது இந்த மீன். உள்ளங்கை அகலம்தான், ஆனால் அதன் நீலத்தைக் கண்ட கடல் தன் நீலத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் அன்று முழுவதும் கலங்கிக் கிடந்தது. வாலில் மட்டும் ஒரு மஞ்சள், பெரிய சுவாமியாரின் திருநாள் உடுப்பில்கூட அப்படி ஒரு சரிகை இல்லை. "கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது, உங்கட பங்கில போட்டுக்கொள்ளுங்க" என்று நிக்கொலசு எறிந்தான். அதை இறைக்கிற வாளியில் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு கரையில் இறங்கினால், வாடிவீட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்து தொப்பியைக் கழற்றினார். தேசாதிபதிக்கும் கழற்றாத தொப்பி. தேயிலைத் தோட்டத்தில் தமிழ் பழகி, இப்போது சீமைப் பிரபுக்களின் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் தேடித் திரிகிறவர். "நீ இதை சாகாமே வச்சிரு. திங்கக்கிழமை தொட்டி வரும். உயிரோட குடுத்தா ஒரு வள்ளத்துக் காசு தாறேன். செத்தா ஒண்ணும் இல்லே" என்றார்.

தின்ன முடியாத மீனுக்கு வள்ளத்து விலையா என்று நீர் சிரிப்பீர். நானும் சிரித்தேன், துரை சிரிக்கவில்லை. இது வலை எட்டாத ஆழத்தில், கல் இடுக்கில், ஒன்றும் இரண்டுமாக இருக்கிற சாதியாம். எங்கள் வலையில் ஏறியது அதன் தலைவிதியாம். தொட்டியில் வளர்த்தால் குஞ்சு பொரிக்காதாம். பத்தைக் கப்பலேற்றினால் ஒன்றுதான் லண்டன் பார்க்குமாம், செத்த ஒன்பதின் செலவையும் பிழைத்த ஒன்றுதான் முதுகில் சுமக்க வேண்டுமாம். அங்கே குளிரென்று அதன் தண்ணீரைச் சூடாக்க ஓர் ஆளுக்குச் சம்பளமாம். அதற்கும் மேலே, ஒரு பிரபுவிடம் இருப்பது பக்கத்துப் பிரபுவிடம் இருக்கக் கூடாதாம். இந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குக் கண் திறந்தது. போன திருநாளில் கோயில் வாசலில் நேர்ச்சைச் சாமான் ஏலம் போட்டபோது, நிக்கொலசும் அவனோடு எதற்கும் போட்டி போடும் யோசேப்பும் முட்டிக்கொண்டதில் ஒரு பூசணிக்காய் பால்மாட்டு விலைக்குப் போகவில்லையா? விலை பூசணிக்காயிலா இருந்தது? யோசேப்பின் முகம் கறுப்பதில் இருந்தது. சீமையிலும் அதே ஏலந்தான், அங்கே பூசணிக்காய் நீந்துகிறது, அவ்வளவுதான்.

ஆகவே மாமி கொறுக்காய்ப் புளி போட்டு மீன் பதப்படுத்தும் பெரிய சாடியைத் தேய்த்துக் கழுவி, கடல் தண்ணீர் நிரப்பி, அதில் என் வள்ளத்தை விட்டேன். அது முதல் நான் மனிதனாக இல்லை. தண்ணீர் சூடேறுகிறதா என்று விரல் விடுவேன், விரல் பட்டுப் பயந்துவிட்டதா என்று நெஞ்சு அடிக்கும். பூனைக்குப் பயந்து பூனையைப் பாலாவிக்கு லொறியில் அனுப்பினேன். நான் சுமந்து மாற்றிய தண்ணீரில் கற்பிட்டிக் களப்பு முழங்கால் அளவு வற்றிவிட்டதாகச் சனம் கதைக்கிறது. இவ்வளவுக்கும் அந்த மீன் நேற்று ஒரு பக்கமாகச் சரிந்து, வாயைத் திறந்து, இறால் துண்டையும் பாராமல் மிதந்தது. என் கண் இருண்டது. மாமி அந்தோனியார் படத்துக்கு முன் முழங்காலில் விழுந்தாள். விழுந்து எழும்புவதற்குள் மீன் நிமிர்ந்து இறாலைக் கவ்வியது.

"அந்தோனியாருக்கு என்னத்த நேர்ந்தாய்?" என்று கேட்டேன்.

"மீனத்தான்."

"எந்த மீன?"

"இந்த மீனத்தான். பிழைச்சா ஞாயித்துக்கிழம கோயிலுக்குக் குடுக்கிறனெண்டு."

"அடியே, ஒரு கோழிய நேர்ந்திருக்கலாமே."

"கோழிக்கா வருத்தம்? மாட்டுக்கு வருத்தமெண்டா மாட்டத்தானே நேருறம். ஆருக்குச் சுகம் வேணுமோ அதத்தானே குடுக்கிறது. கோயில் சுவாமியாருக்கும் சொல்லிப்போட்டன்."

சுவாமியார் காதில் போட்டதை இனித் திருப்பி எடுக்க ஏலாது. ஞாயிறு பூசை முடிய மீன் ஏலத்துக்கு வரும். ஊரில் ஒருவனும் கேட்க மாட்டான், நான் சில்லறைக்கு எடுத்துத் திங்களன்று துரையிடம் கொடுக்கலாம் என்றிருந்தேன். துரைக்கு அது எட்டிவிட்டது. "ரொம்ப நல்லது, நானே ஏலத்துக்கு வாறேன்" என்று கை தட்டுகிறார். வந்தால் என் வள்ளத்தைச் சில்லறைக்குத் தூக்கிக்கொண்டு போவார், நான் சாகும்வரை நிக்கொலசுக்குத் தண்ணீர் இறைப்பேன். மருமகனே, உம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன்: கடிதம் கண்டதும் துரைக்கு ஒரு தந்தி அடியும். கொழும்புக் கப்பலில் பச்சை நிறத்தில், தலையில் கிரீடத்தோடு ஒரு மீன் வந்திருப்பதாகவும் ஞாயிறு காலையில் வந்தால் காட்டுவதாகவும் எழுதும். கிரீடத்தை விடாதேயும்.

உம்முடைய உத்தியோகம் உயரவும், உம்மை முறைக்கும் பெரிய கிளாக்கரின் பல் ஒவ்வொன்றாக விழவும் அனுதினமும் செபிக்கும்,
மாமன் லோறன்ஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் சங்கு குளிக்கும் அத்தாஉல்லா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "லோறன்ஸ் நானா, ஒரு மீனுக்கு ஊரே அல்லோலகல்லோலப்படுது. அந்தக் கற்பாருக்கு அங்கால இது கிடந்து மொய்க்குது" என்று கவிழ்த்தார். தகரம் நிறைய அதே நீலம், அதே மஞ்சள் வால். சத்தம் கேட்டு வந்த துரை பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், வள்ளத்து விலை ஒரு சுருட்டு விலையாயிற்று. ஆகையால் தந்தி வேண்டாம். அந்தோனியாருக்கு மீனை முழு மனதோடு என் கையாலேயே கொடுக்கிறேன் என்று மாமியிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள், "நேர்ந்த நேரத்தில அதுக்கு வள்ளத்து விலை. சுருட்டக் குடுத்து அந்தோனியார ஏய்க்கப் பாக்கிறீங்களோ? வள்ளந்தான் குடுக்கோணும்" என்கிறாள். சுவாமியாரும் அவள் பக்கம் தலை ஆட்டுகிறார். நீர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தோனியாரைப் போன்ற அர்ச்சியசிஷ்டர் ஒருவருக்கு ஏற்ற வள்ளம் கொழும்பில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து, மாமி பெயருக்கே கடிதம் எழுதும்.