கேக்குக்குள் தங்கம்

படம் தொடங்க வேண்டிய நேரத்தில் புரொஜெக்டர் பல்பு 'டப்' என்று உயிரை விட்டது.

திரைப்படச் சங்கச் செயலாளர் ராட்னி பில்பீம் கையைப் பிசைந்தார். மழையையும் பார்க்காமல் தோர்ன்பி ஊரே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. நவம்பர் வந்தால் அந்தப் படம்தான். கறுப்பு வெள்ளை. வங்கித் தங்கத்தைக் கல்யாணக் கேக்குக்குள் வைத்துக் கடத்தும் கனவான்களின் கதை. ஊருக்கு அது உயிர் என்பது ராட்னியின் அசைக்க முடியாத நம்பிக்கை.

முன்வரிசையில் மண்டபக் கமிட்டித் தலைவி திருமதி ஓக்‌ஷாட். இன்று சொதப்பினால் சனிக்கிழமைகளில் மண்டபம் யோகா வகுப்புக்குப் போய்விடும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். பணி ஓய்வு பெற்ற ராட்னிக்குச் சனிக்கிழமையை விட்டால் வேறு கிழமையே கிடையாது.

"ஏதாச்சும் பிரச்சனையா ராட்னி?"

"சேச்சே, ஒண்ணுமில்லைங்க மேடம்."

குழந்தைகள் அறையிலிருந்த டிவியை உருட்டிக்கொண்டு வந்தார். ரொட்டித் துண்டைவிடக் கொஞ்சம் பெரிய டிவி.

"பின்னாடி தெரியுதாங்களா?"

"அருமையா தெரியுது!" என்றார், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

மேடைப் பக்கம் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதிலிருந்ததைப் பிடுங்கி டிவியைச் சொருகினார்.

"யோவ்!" சமையலறையிலிருந்து பெர்சி ஓடிவந்தார். மண்டபத்தில் டீ போடும் பொறுப்பு அவருடையது. "டீ பாய்லரையா பிடுங்கின?"

அதுவரை புன்னகை மாறாமல் இருந்த கூட்டம் முதன்முறையாக முகம் வெளுத்தது.

"உலகப் போர் நடந்த காலத்துலகூட இங்க டீ நின்னதில்லைய்யா!"

"இரு பெர்சி, ரெண்டையும் ஒண்ணா சொருகிடறேன்."

"தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும்."

தாங்கவில்லை. ஃபியூஸ் போய், மண்டபமே இருண்டது. படமும் இல்லை, டீயும் இல்லை. இருட்டில் யாரோ, "பரவாயில்லை, இதமா இருக்கு," என்றார்.

ராட்னி டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். "படத்தை நானே நடிச்சுக் காட்டிடறேன்!"

உண்மையில் அந்தப் படத்தைப் பார்த்து அவருக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. முதல் வருடம் படம் முடிந்ததும் எல்லோரும் கையைக் குலுக்கி, "ரொம்ப நல்லாயிருந்துச்சு," என்றார்கள். இப்படி ரசிக்கிற ஊரை ஏமாற்றலாமா? அடுத்த வருடமும் போட்டார். அதற்கடுத்த வருடமும்.

கேக்குக்குள் ஒளியும் திருடனாக, மேடையிலிருந்த மேஜையின் விரிப்புக்குள் புகுந்தார். வெளியே வர வழி தெரியவில்லை. விரிப்போடு எழுந்தார், மேஜை சாய்ந்தது, தட்டிலிருந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் மொத்தமும் திருமதி ஓக்‌ஷாட்டின் மடிக்குப் போனது. துணிக்குள் இருந்த ராட்னிக்கு அது தெரியாது.

"கேக்கை மெதுவா வெட்டுங்க! உள்ள ஆள் இருக்கு!" என்று வசனத்தைக் கத்தினார்.

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. தூணுக்குப் பின்னாலிருந்தவர் நாற்காலியிலிருந்து விழுந்தார். பெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்.

ஒருவழியாக விளக்கு வந்தது. திருமதி ஓக்‌ஷாட்டின் மடியைப் பார்த்ததும் ராட்னி மேடையிலிருந்து இறங்கி ஓடினார். மண்டியிட்டு வெள்ளரித் துண்டுகளைப் பொறுக்கினார்.

"மன்னிச்சிடுங்க மேடம். யோகாவுக்குக் குடுத்துடாதீங்க. அடுத்த சனிக்கிழமையே ஒழுங்கா படத்தைப் போட்டுடறேன்."

திருமதி ஓக்‌ஷாட் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமையெல்லாம் உங்களுக்கே ராட்னி, அந்தப் படம் மட்டும் வேண்டாம், உங்களுக்கு உயிராச்சே, மனசு நோகக் கூடாதேன்னுதான் இத்தனை வருஷமா ஊரே பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சோம்!"