எடின்பரோவுக்கு வாரேன்

சீமைக்குப் போய்ப் படித்தவனெல்லாம் கெட்டிக்காரன் என்று நினைக்கிறவர்கள் நான் கொடுத்த தந்தியைப் பார்த்ததில்லை. மொத்தம் நாலே வார்த்தை. அதில் ஒன்று பொய், ஒன்று பிழை. மீதி இரண்டும் ஊர்ப் பெயர்.

பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். ஆற்றுக்கு அக்கரையில் கரூர் இருப்பதையே எங்கள் வீட்டில் அரை மனதாகத்தான் ஒப்புக்கொள்வார்கள். அந்த வீட்டிலிருந்து, இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு ஏழெட்டு வருஷம் முந்தி, வைத்தியம் படிக்க நான் லண்டனுக்குக் கப்பலேறினேன். பஸ் ஏறும்போது வாய் தவறி, "அப்ப நான் போறேன்" என்றேன். அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

"போறேன்னு சொல்லாத சாமி. வாரேன்னு சொல்லு."

சொன்னேன். பக்கத்தில் மாமன் மகள் பாவாயி நின்றிருந்தாள். நான் படித்து முடித்து வந்ததும் எங்களுக்குக் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியாகியிருந்தது. "வந்துருவீங்கல்ல மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் "சர்ட்டன்லி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியக்கூடாது என்றுதான் சொன்னேன். (அப்போது எனக்கு இருந்த மண்டைக்கனத்துக்கு அந்த பஸ் நகர்ந்ததே பெரிது.)

லண்டனில் நாலு வருஷம். கடைசிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு நோயாளியைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார்கள். வயிற்றுவலிக்காரனுக்கு நெஞ்சில் கோளாறு என்றேன். அந்த ஆள் பாவம், என்மேல் இரக்கப்பட்டு வயிற்றைத் தடவிக் காட்டினான். நான் அவனையும் நம்பவில்லை.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதெல்லாம் கிடையாது. அங்கே நான் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எடின்பரோவுக்குப் போனால் வேறொரு பரீட்சை எழுதலாம் என்று கூட இருந்தவர்கள் யோசனை சொன்னதும் மூட்டை கட்டிவிட்டேன். வீட்டுக்கு விலாசம் மாறியதைச் சொல்ல வேண்டுமே? கடிதம் எழுதினால் காரணம் எழுத வேண்டும். தந்திக்குக் காரணம் வேண்டாம். "லண்டன் ஃபினிஷ்டு" என்று எழுதினேன். முடிந்தது என்றால் முடிந்தது, தேறினேன் என்று நான் எங்கே சொன்னேன்? அடுத்து "எடின்பரோ போகிறேன்" என்று எழுத வேண்டும். அம்மா வாயைப் பொத்தியது ஞாபகம் வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டப்போகிற காகிதத்தில் "போகிறேன்" என்று எப்படி எழுதுவது? "கமிங் எடின்பரோ" என்று முடித்தேன்.

தபாலாபீஸில் இருந்த துரைசானி இரண்டு தடவை படித்துவிட்டு, "கோயிங்" என்றல்லவா இருக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். எங்கள் பக்கத்து நாகரிகத்தில் கிளம்புகிறவன் "வருகிறேன்" என்றுதான் சொல்வான் என்று அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் முத்திரை குத்தினாள்.

ஊரில் நடந்ததைப் பிற்பாடு என் தங்கை சொன்னாள். தந்தியை இங்கிலீஷ் வாத்தியார் படித்தார். படிப்பு முடிந்தது, பையன் வருகிறான், சரி. எடின்பரோ என்றால்? நான் போன கப்பலுக்கும் ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊர்ப் பெயர்தான். வாத்தியார் சற்று யோசித்துவிட்டு, "கப்பல் பேருங்க" என்றார். (அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் எழுதியதற்கு அதைவிட நல்ல அர்த்தம் கிடையாது.) அவரே கப்பலுக்கு இத்தனை நாள், ரயிலுக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட, நான் வந்து இறங்கும் வாரத்துக்கு அடுத்த வாரம் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள்.

அப்பா மேளத்தோடு சேலம் ஜங்ஷனுக்குப் போனார். கோட்டுப் போட்டவன் எவன் இறங்கினாலும் மேளம் முழங்கியது. ஒரு காப்பிக்கொட்டை வியாபாரிக்கும் ஒரு ரயில்வே உத்தியோகஸ்தருக்கும் மாலை விழுந்ததாம். மூன்றாம் நாள் மேளக்காரர்கள் வேறு கல்யாணம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அப்பா வாடின மாலையோடு இன்னும் இரண்டு நாள் அங்கேயே நின்றார். போர்ட்டர்கள் அவரைக் கண்டாலே, "எடின்பரோ இன்னும் வரலீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்களாம்.

முகூர்த்தமும் வந்தது. நான் வரவில்லை. மாமன் பந்தலில் எழுந்து நின்று ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எம்புள்ள மணையில உக்காந்தாச்சு. தாலி ஏறாம எந்திரிக்கமாட்டா."

சீமைக்குப் போன மாப்பிள்ளை எப்படி இருப்பான் என்று வேடிக்கை பார்க்க நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வந்திருந்தார். மஞ்சள் விவசாயம். கல்யாணமாகாதவர். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர் மாப்பிள்ளையாகத் திரும்பினார்.

தந்தி கொடுத்த அன்றே விவரமாக ஒரு கடிதம் போட்டிருந்தால் முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். தோற்றதற்கு நல்ல காரணம் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் மூன்று பக்கம் எழுதினேன். அப்பா இரண்டே வரியில் பதில் போட்டார். பாவாயிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கடிதத்தை எடின்பரோக் குளிரில் வைத்துக்கொண்டு அழுதேன். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒருவழியாகத் தேறி ஊர் திரும்பினேன். முன்கூட்டியே தந்தி கொடுத்திருந்தேன். சேலம் ஜங்ஷனில் ஒரு ஆள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வீடு வந்தால், அப்பா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"தந்தி வந்துச்சு சாமி. எந்த ஊருக்கு வாரேங்கறீன்னுதான் தெரியல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கிளம்பி "வாரேன்" என்றாலும் ஒரு குரல், "எடின்பரோவுக்குங்களா?" என்று கேட்கும். எடின்பரோ எந்தத் திசை என்று தெரியாத பொடிசுகள்கூடக் கேட்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு தடவை கேட்பார்கள்.

தங்கை பிள்ளையின் காதுகுத்துக்குப் பாவாயி புருஷனோடு வந்திருந்தாள். லண்டனுக்குப் பஸ் ஏறிய நாளுக்குப் பிறகு நான் அவளைப் பார்த்தது அன்றுதான். கிளம்பும்போது புருஷன் எல்லாரையும் கும்பிட்டு, "எடின்பரோவுக்கு வாரமுங்க" என்றார். வீடே சிரித்தது. நல்ல மனுஷன், சூதுவாது கிடையாது. பாவாயி சிரிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் என் முன்னால் நின்றாள்.

"போறேனுங்க மச்சான்."

அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தப் பாதி தூரம் போய்விட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகக் கீழே இறங்கியது.

அன்று அந்தத் துரைசானி திருத்தச் சொன்னதும் இதே வார்த்தைதான்.