டங்கன் வளர்த்த திறன்

மருத்துவமனையில் மருத்துவம் பார்க்க ஆளே இல்லாமல் மருத்துவத் துறையை முன்னேற்ற முடியும் என்று உலகுக்குக் காட்டிய பெருமை, பசிபிக் கடலில் கிரிபாட்டி நாட்டில் உள்ள எங்கள் தீவையே சேரும். தீவு மன்றத்தின் எழுத்தர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் பதிவு செய்கிறேன்.

எங்களுக்கு இருந்த ஒரே நர்ஸ் தெரெசியா, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆஸ்திரேலியா போய்விட்டாள். வேறொரு நர்ஸ் கேட்டு ஏழு கடிதம் எழுதினேன். ஏழாவதற்குப் பலன் கிடைத்தது. அதே ஆஸ்திரேலியாவிலிருந்து டங்கன் என்ற தொண்டர் வந்து இறங்கினார். வயது இருபத்து நான்கு. ஊசி போடத் தெரியாது. 'திறன் வளர்க்க'த் தெரியும்.

ஊர் கூடும் மனேபாவில் தலைக்குப் பூ வளையம் சூட்டி, சிங்கிறால் வைத்தோம். சாப்பிட்டுவிட்டு அவர் பணிவாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி சும்மாதானே கெடக்கு. என் ஆபீசா வச்சுக்கவா?"

எங்கள் ஊரில் இதற்குப் புபுசி என்று பெயர். ஒருவர் வாய்விட்டுக் கேட்டபின் இல்லை என்பது மானக்கேடு. கொடுத்தோம். பிரசவக் கட்டிலின்மேல் பயிற்சி வகுப்புக்கான வண்ணத்தாள்களை அடுக்கினார்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில், மீன் பிடிக்கும் தெபூரேயா, வலி கண்ட மனைவி ரினேயைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். நான் டங்கனிடம் ஓடினேன். தெரெசியா போனபின் பிரசவத்தில் ஒருத்தியைப் பறிகொடுத்திருந்தோம்.

"தம்பி, புள்ளைக்குக் கால் முதல்ல வருதுங்கறாங்க பொம்பளைங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

டங்கன் ஒரு பச்சைத் தாளை நீட்டினார். "முதல்ல உங்க தேவைகளை வரிசைப்படுத்திடலாமா?"

"வரிசை என்ன வரிசை, இது ஒண்ணுதான். கட்டில காலி பண்ணுங்க. உங்க சாட்டிலைட் போனையும் குடுங்க. புபுசி கேக்கறேன்."

"அது ஆபீஸ் வேலைக்கு மட்டும்..."

"நாங்க ஆஸ்பத்திரியவே குடுத்தோம்ல?"

போன் என் கைக்கு வந்தது. தெரெசியாவை அழைத்தேன். அவள் அங்கிருந்து சொல்லச் சொல்ல, எங்கள் பெண்கள் அப்படியே செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் குழந்தை அழுதது. தெபூரேயா அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தான், நானும்தான்.

டங்கன் உடனே உட்கார்ந்து அறிக்கை எழுதி, வாசித்தும் காட்டினார். "உள்ளூர்த் திறனால் பிரசவம் வெற்றி. இத்தீவுக்கு நர்ஸ் தேவையில்லை. தொண்டரின் காலத்தை நீட்டிக்கவும்."

போனில் தெரெசியா இன்னும் இருந்தாள்.

"வச்சிடட்டுமாண்ணே? உங்க டங்கனோட அம்மாவைக் குளிப்பாட்ட நேரமாச்சு. இங்க நான்தான் அவங்களைப் பாத்துக்கறேன். மகன் போயிருக்கற தீவுல ஒரு நர்ஸ்கூட இல்லையாம், பாவம்னு, என் கையைப் புடிச்சுக்கிட்டு தெனமும் அழறாங்க."